ஒன்றேகால் அங்குலத் தொய்வு

மின் வேலைக்கு வந்த ஷைஜு நூல் பிடித்த அன்றுதான் விஷயம் வெளியே தெரிந்தது. புது வீட்டு ஹாலில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் கூரையையொட்டி வரிசையாக விளக்கு மாட்ட வேண்டும். அதற்காக இரண்டு சுவரிலும் கூரையிலிருந்து சரியாக மூன்று அங்குலம் கீழே ஆணியடித்து, நைலான் நூலை விண்ணென்று இழுத்துக் கட்டினான். பிறகு ஏணியை ஹாலின் நடுவில் போட்டு ஏறி, நூலுக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தான். மூன்று அங்குலம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே முக்கால்தான் இருந்தது. டேப்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தான். அதே ஒன்றே முக்கால்.

"மாமி, கொஞ்சம் இஞ்ச வாருங்க," என்று நேசம்மாளைக் கூப்பிட்டான். "வார்ப்பு வயிறு வச்சிருக்கு."

நேசம்மாள் ரப்பர் ஷீட் உருட்டும் எந்திரத்தை விட்டுவிட்டு, கையில் ரப்பர் பால்வாடையோடு வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நூலைப் பார்த்தால்தான் தெரிந்தது. நடுவில் வார்ப்பு, அந்தக் கான்கிரீட் கூரை, நூலை நோக்கி இறங்கி, அப்புறம் மெல்ல மேலேறிச் சுவரில் சேர்ந்தது. எட்டு மாதக் கர்ப்பிணி மல்லாந்து படுக்காமல் குப்புறத் தொங்கினால் எப்படியிருக்குமோ, அப்படி.

"இத ஆருகிட்டயும் பறையாண்டாம் மக்கா," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், வாசலில் பால் வாளி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் புருஷன் சத்தியநேசன் ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ.

"எவ்வளவுலே?" என்றார்.

"ஒண்ணேகால் இஞ்சு மாமா."

வீட்டைக் கட்டியது நேசம்மாளின் தம்பி ஆபேல். சிதறால் மலையைச் சுற்றி நாலு ஊரில் ஆபேல் மேஸ்திரி கட்டிய வீடு என்றால் விரிசல் விழாது என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான், கத்தாரில் வேலை பார்க்கும் மகன் ஜெபிஷுக்கு ஐப்பசியில் கல்யாணம் என்று முடிவானதும், சத்தியநேசன் இந்த வேலையை மைத்துனனிடம் கொடுத்தார்.

ஆபேல் மறுநாள் வந்தான். நூலைப் பார்த்தான். வாய் ஓயாத மனிதன். சாவு வீட்டில்கூட ரெண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வாக்கியம்.

"எனக்க கவனக் கொறவுதான் அத்தான். பூச்சுல சரியாக்கித் தாறேன்."

"ஏட்டி நேசம்," என்றார் சத்தியநேசன், நாலடி தூரத்தில் நிற்கும் மைத்துனனைப் பார்க்காமல், "உனக்க தம்பிகிட்ட கேளு, இது பூசி மறைக்குத காரியமா? நாளைக்கு எனக்க மருமவ தொட்டில் கட்டுத எடம் இது. கம்பிய கொறச்சானா சிமெண்ட கொறச்சானா, அத மட்டும் சொல்லச் சொல்லு."

"உங்களுக்கு முன்னாலதானே நிக்கான், நீங்களே கேக்கப்பிடாதா?"

"நான் அவன்கிட்ட பேசல்ல."

அன்றிலிருந்து பேசவே இல்லை. ஆபேல் எதிரில் நிற்பான். அவர் நேசம்மாளிடம் சொல்லுவார். நேசம்மாள் அதைத் திரும்பச் சொல்லத் தேவையே இல்லாமல் ஆபேல் பதில் சொல்லுவான். அந்தப் பதில் காதில் விழாததுபோல அவர் நேசம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தபால்பெட்டி மாதிரி நடுவில் நின்று அவள் அலுத்துப்போனாள். விஷயம் சபைக் கமிட்டிக்கும் போனது. ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தை ஆபேலிடம் கொடுப்பதாக இருந்தவர்கள் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்றார்கள். அதற்கும் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குற்றம் இல்லாதவன் இப்படி வாய் மூடி நிற்பானா என்று ஊர் கேட்டது. நேசம்மாளுக்கே அந்தக் கேள்வி இருந்தது.

ஆடி பிறந்ததும் சத்தியநேசன் முடிவு சொன்னார். வார்ப்பை உடைத்துவிட்டு வேறு ஆளை வைத்து மறுபடி வார்ப்பது. அதன்பிறகு ஆபேல் இந்த வீட்டு நடை ஏறக்கூடாது. "எனக்க கல்யாணம் தள்ளிப்போனாலும் போட்டும், உடைக்கதுக்கு முன்ன ஒரு இஞ்சினியரக் காட்டுங்கப்பா," என்று ஜெபிஷ் போனில் கெஞ்சியதால்தான் சுபிதா வந்தாள்.

சுபிதா குளச்சல்காரி. மார்த்தாண்டத்தில் ஒரு கட்டுமான ஆலோசனை அலுவலகத்தில் வேலை. முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போய்க் கூரையைப் பார்த்தாள். ஒரு சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். கம்பி எங்கே ஓடுகிறது என்று ஒரு கருவியை ஒட்டி நகர்த்திப் பார்த்தாள். பிறகு சாயா வாங்கிக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்தாள்.

"கம்பி இருக்கு. சிமெண்டும் கேட்டதுக்கு நல்லாத்தான் சத்தம் தருது. ஆனா நான் கேட்டது நூறு எடத்துல. வார்ப்பு முழுக்கப் பாரம் ஏறும்போ என்ன செய்யும்னு தட்டிப் பாத்து சொல்ல ஒக்காது."

"தொஞ்சு போச்சே, அதுக்கு மேல என்ன பாக்கணும்?" என்றார் சத்தியநேசன்.

"தொய்யாத பொருளே கிடையாது மாமா. நீங்க சர்ச்சுல பெஞ்சுல போய் இருந்தா அந்தப் பெஞ்சு நடுவுல வளையும். உங்க கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எழும்பினா நிமிரும். தோட்டுப் பாலத்துல பஸ் போவும்போ பாலம் தாழும், பஸ் போனா ஏறும். இத நாங்க டிஃப்ளெக்‌ஷன்னு சொல்லுவோம்."

"நாங்க தொய்வும்போம்," என்றான் ஆபேல், தூரத்தில் மரத்தடியிலிருந்து.

"தொய்வு. நல்ல வார்த்தை. இந்தத் தொய்வு ரெண்டு வழியா வரலாம். ஒண்ணு, வார்ப்பு நல்லா நேரா இருந்து, கீழ தாங்கி நின்ன முட்டுக் கம்ப எடுத்தபிறவு தனக்க பாரத்தையே தாங்க முடியாம தொஞ்சிருக்கும். அப்பிடின்னா அது பலமில்லாத வார்ப்பு, உடைக்கணும். இன்னொண்ணு, வார்த்த அன்னைக்கே, கான்கிரீட் பச்சையா இருக்கும்போ, கீழ நின்ன முட்டு இறங்கிப்போயிருக்கும். முட்டு தாங்கின பலகை குழிஞ்ச அளவுக்கு கான்கிரீட்டும் குழிஞ்சு, அப்பிடியே இறுகிப்போச்சு."

நேசம்மாள் யோசித்தாள். "தட்டு குழிஞ்சிருந்தா இட்லிக்கு வயிறு இருக்கும். அதுக்காவ மாவு கெட்டுதுன்னு சொல்லப்பிடாது. அதானே?"

சுபிதா சாயாக் கிளாசைக் கீழே வைத்துவிட்டாள். "மாமி, இத நான் நாலு வருசம் காலேஜுல படிச்சேன். நீங்க ஒரு இட்லியில சொல்லிட்டீங்க."

"பின்ன ரெண்டுல ஏதுன்னு எப்பிடி அறியது?"

"பாரம் ஏத்திப் பாப்போம். ஏத்தினா இன்னும் கொஞ்சம் தொய்யும். எடுத்தா எவ்வளவு திரும்பி வருதுன்னு பாக்கணும். நாலு பங்கு தொஞ்சா மூணு பங்காவது ஒரு நாளைக்குள்ள திரும்பி வரணும். வந்தா வார்ப்புல உயிரு இருக்கு."

பாரம் என்றால் மணல் மூட்டையா என்று ஆபேல் கேட்டான். தண்ணீரே போதும் என்றாள் அவள். தண்ணீரைவிட நல்ல எடைக்கல் கிடையாது. எந்த மூலையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். உயரத்தை அளந்தால் எடை தெரிந்துவிடும். இறக்குவதற்கு ஆள் வேண்டாம், குழாயைத் திறந்தால் போதும். ஒரு வீட்டுக் கூரை எவ்வளவு சுமக்கவேண்டும் என்று கணக்கு உண்டு. அதற்கும் மேலே கால் பங்கு கூட்டினால் பத்து அங்குலத் தண்ணீர் வரும். இருபதுக்குப் பதினெட்டடி ஹாலுக்கு எட்டாயிரத்து ஐநூறு லிட்டர்.

"எட்டரை டன்னு," என்றான் ஆபேல். "ரெண்டு ஆனை."

"ஏட்டி, அவன்கிட்ட சொல்லு, ஆனைய ஏத்துமுன்ன கீழ காப்பு முட்டு வைக்கணும்னு."

"வைக்கேன் அத்தான்."

சத்தியநேசன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை முழுக்க ஆபேல் வேலை பார்த்தான். அவனோடு கிருஷ்ணமணி என்ற கையாள். மொட்டைமாடியில் ஹால் அளவுக்குச் சுற்றிலும் செங்கல்லில் ஒரு முழம் உயர வரம்பு கட்டி, உள்ளே தார்ப்பாய் விரித்தார்கள். பத்தங்குல உயரத்தில் ஒரு குழாயைச் செருகி வெளியே நீட்டினான். மழை பெய்து தண்ணீர் கூடினால் அது வழியாகத் தானே வழிந்து போய்விடும். கீழே ஹாலில் பன்னிரண்டு முட்டுக் கம்புகளை நிறுத்தினான். அவை கூரையைத் தொடவில்லை. ஒவ்வொன்றின் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு அங்குலம் விட்டிருந்தான். தொட்டால் பாரத்தை முட்டு தாங்கிவிடும், சோதனை பொய்யாகிவிடும். தொடாமல் நின்றால், கூரை தவறிப்போனால் மட்டும் கை கொடுக்கும். முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு பிள்ளையை நடக்கவிடுகிற மாதிரி என்று நேசம்மாள் நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முட்டின் அடியிலும் அவன் அகலப் பலகை போட்டுத்தான் நிறுத்தினான். தரையில் தளக் கான்கிரீட் போட்டாகிவிட்டது, பலகை தேவையே இல்லை. இருந்தும் போட்டான்.

வியாழக்கிழமை காலை சுபிதா கருவியோடு வந்தாள். கைக்கடிகாரத்தைவிடச் சற்றுப் பெரிய வட்ட முகம். நடுவில் ஒரு முள். கீழிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன உலோகக் குச்சி. அதைத் தரையிலிருந்து தனியாக நின்ற ஒரு இரும்புக் கம்பத்தின் உச்சியில் பூட்டி, குச்சி கூரையின் நடுவயிற்றைத் தொடும்படி வைத்தாள். கூரை இறங்கினால் குச்சி உள்ளே போகும், முள் சுற்றும். ஒரு முழுச் சுற்று ஒரு மில்லிமீட்டர். சுற்றில் நூறு கோடுகள்.

"ஒரு கோடுன்னா?" என்று கேட்டாள் நேசம்மாள்.

"உங்க தலைமுடி ஒண்ண எடுத்து அதுக்க கனத்த ஏழா வகிர்ந்தா ஒரு பங்கு."

நேசம்மாள் ஒரு முடியைப் பிடுங்கி விரலில் வைத்துப் பார்த்தாள். சுபிதா சிரித்துவிட்டு ஒரு நோட்டை அவளிடம் கொடுத்தாள். "நான் ரெண்டு மூணு தடவதான் வர முடியும். பகல்ல ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா ஏணியில ஏறிப் பாத்து நீங்க எழுதுங்க மாமி. கம்பத்த மட்டும் தொடாண்டாம்."

ஒன்பது மணிக்கு முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தாள். மோட்டாரைப் போட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் மாடியில் விழும் சத்தம் ஹாலுக்குள் பெருமழை மாதிரி கேட்டது. நேசம்மாள் ஏணியில் நின்று முள்ளையே பார்த்தாள். முதலில் அசையவில்லை. பிறகு, தூங்குகிறவன் இமை அசைவதுபோல, ஒரு கோடு. இன்னொரு கோடு. அவளுக்குப் பயத்துக்குப் பதிலாக வேறென்னவோ வந்தது. இவ்வளவு கெட்டியான பொருள், கடப்பாரையால் அடித்தாலும் கேட்காத கான்கிரீட், ஒரு குடம் தண்ணீருக்கும் தலை தாழ்த்தி மரியாதை செய்கிறதே.

கீழே சுபிதா ஆபேலிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். "வார்த்த அன்னைக்கு முட்டு எதுல நின்னுது மேஸ்திரி?"

"பேஸ்மெண்டு நிரப்பின செம்மண்ணுல. இடிச்சு ஒறப்பிச்சிருந்தேன்."

"ஒறப்பிச்ச மண்ணு இறங்காதே. மழை வெள்ளம் உள்ள வந்துதா?"

"சாரல் அடிச்சுது மேடம். பின்ன... கான்கிரீட்டுலயும் வெள்ளம் கொஞ்சம் கூடிப்போச்சு. எனக்க தப்புதான். உங்க ஸ்கூட்டருக்கு மைலேஜ் என்ன கிட்டுது?"

"பேச்ச மாத்தாதீங்க. அன்னைக்கு எடுத்த போட்டோ ஏதும் உண்டா?"

"உண்டு," என்றாள் நேசம்மாள் ஏணியிலிருந்து இறங்கி. ஜெபிஷுக்கு அனுப்புவதற்காக அன்றைக்கு எடுத்த வீடியோக்கள் அவள் போனில் இருந்தன. ஆபேல் கையை நீட்டினான். "அது வேண்டாம்க்கா. அதுல எனக்க தொந்திதான் தெரியும். மேடம் பயந்துருவாவ." அவள் விடாமல் திறந்தாள். மோட்டார் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. படம் மட்டும் ஓடியது.

சித்திரை மழை. கான்கிரீட் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகிறது. வார்ப்பு நாளில் வேலையாள் அத்தனை பேருக்கும் வீட்டுக்காரர் வயிறார இறைச்சிக்கறியும் சோறும் போடவேண்டும் என்பது ஊர் வழக்கம். முற்றத்தில் தார்ப்பாயின் கீழே நாற்பது பேருக்கு அரிசி வெந்துகொண்டிருக்கிறது. அடுத்த படத்தில் நேசம்மாளும் இன்னொருத்தியும் பெரிய அண்டாவைச் சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் வருகிறார்கள். சுற்றிலும் முட்டுக் கம்புகள் காடு மாதிரி நிற்கின்றன. நடுவில் நின்று அண்டாவைச் சரிக்கிறார்கள். ஆவி பறக்க, வெள்ளை வெளேரென்று கஞ்சித்தண்ணீர் செம்மண்ணில் பரவி முட்டுகளின் காலைச் சுற்றிப் போகிறது. மண் ஒரே மூச்சில் அதைக் குடிக்கிறது. அன்றைக்கு அப்படி மூன்று அண்டா.

நேசம்மாளின் கை நின்றுவிட்டது. சுபிதா அப்போது மாடியில் தண்ணீர் உயரம் பார்க்கப் போயிருந்தாள். ஆபேல் போனை மெல்ல வாங்கித் திரையை அணைத்தான்.

"நீ அறிஞ்சிருந்தியா?"

"எதுக்கா?"

"எலே ஆபேலே."

"சோறு ருசியா இருந்துதுக்கா. கறியில மட்டும் உப்பு கொஞ்சம்..."

"மக்கா, எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லு."

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "முட்டு எடுத்த அன்னைக்குப் பாத்தேன். நடுவுல நின்ன எட்டு முட்டும் மண்ணுக்குள்ள ஒண்ணேகால் இஞ்சு போயிருந்துது. சுத்திலயும் கஞ்சி காஞ்சு வெள்ளப் பொடியா கெடந்துது. மண்வெட்டிய எடுத்து நிரவி இடிச்சு விட்டேன்."

"இத அன்னைக்கே சொல்லப்பிடாதா? ரெண்டு மாசமா ஊரே உன்ன..."

"சொன்னா? அத்தான் உன்ன விடுவாரா? அவரு என்கிட்ட கோவப்பட்டா எனக்கு வீடு உண்டு, போயிருவேன். உன்கிட்ட கோவப்பட்டா நீ எங்க போவ? சவத்த விடு. முட்டு நிக்குத எடத்தப் பாக்க வேண்டியது மேஸ்திரி வேல. பலகை போட்டிருந்தா மூணில்ல, முப்பது அண்டா ஊத்தினாலும் எறங்காது."

அதற்குள் சுபிதா படியிறங்கி வந்தாள். நேசம்மாள் ஏணியில் ஏறி முள்ளைப் பார்த்தாள். கண்ணீரில் கோடுகள் கலங்கித் தெரிந்தன. துடைத்துவிட்டு, பார்த்து, எழுதினாள்.

ஒரு மணிக்குப் பத்து அங்குலம் நிறைந்தது. மூன்று சுற்றும் எழுபது கோடும். மறுநாள் ஒரு மணிக்கு நான்கு சுற்றும் இருபது கோடும். ஒரு நாள் முழுக்க ரெண்டு ஆனைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற கூரை இறங்கியது அவ்வளவுதான், ஒரு கனமான உளுந்துமணி அளவு. புதிதாக ஒரு மயிர்க்கீற்று விரிசல்கூட இல்லை. ஆனால் அது பாதிச் சோதனை. முள் இனித் திரும்ப வேண்டும். ஒரு சுற்றும் ஐந்து கோடும் என்ற இடத்துக்கு, அல்லது அதற்கும் கீழே.

குழாயைத் திறந்தார்கள். ஆபேல் கீழே ஓஸ் பிடித்து, சுவர் அஸ்திவாரத்துக்குப் போகாமல் தண்ணீரை வாழைத்தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டான். மூன்று மணிக்குக் கடைசிச் சொட்டும் இறங்கியது. ஒரு சுற்றும் அறுபத்திரண்டு கோடும்.

"பாத்தியா? வரல்ல," என்றார் சத்தியநேசன்.

"வரும் மாமா. கான்கிரீட் கம்பி மாதிரி இல்ல, சட்டுனு நிமிராது. மூட்டு வலிக்காரரு எழும்புகது மாதிரி. நாளைக்கு மூணு மணி வரைக்கும் அதுக்கு நேரம் உண்டு. வெயில் அடிச்சா சூட்டுல மேல எழும்பி நம்மள ஏமாத்தும். நல்ல காலம், வானம் மூட்டமா இருக்கு."

சாயங்காலம் ஒரு சுற்றும் நாற்பதும். சனிக்கிழமை விடிந்ததும் ஒரு சுற்றும் இருபத்திரண்டும். பிறகு முள் சோம்பிவிட்டது. பத்து மணிக்குப் பதினான்கு. பன்னிரண்டு மணிக்குப் பத்து. இன்னும் ஐந்து கோடு வேண்டும்.

அந்த நேரம் ஹாலில் நேசம்மாள் மட்டும்தான் இருந்தாள். கிழங்கும் சாளைமீன் கறியும் அடுக்களையில் ஆறிக்கொண்டிருந்தது. யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. ஏணியில் நின்றபடி கணக்குப் போட்டாள். ஏழு கோடு ஒரு தலைமுடி. ஐந்து கோடென்றால் ஒரு முடிக்கும் குறைவு. தம்பியின் பெயரும், அவன் இந்த நடை ஏறுவதும், பிள்ளையின் கல்யாணமும் அந்த முடியில் நின்றது. கம்பத்தில் விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டினால் போதும். அதுகூட வேண்டாம், நோட்டில் பத்துக்குப் பதில் நாலு என்று எழுதினால் போதும். அவள் இடது கையைச் சேலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, வலது கையால் 'ஒன்று - பத்து' என்று திருத்தமாக எழுதினாள். எழுதியதும் இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

சத்தியநேசன் வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். வரிசையாக அவள் எழுதியிருந்த எண்களை விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனார்.

"ஒனக்க கையெழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுபிதாவின் ஸ்கூட்டர் வந்தது. நால்வரும் ஹாலில் நின்றார்கள். ஆபேல் முட்டுக் கம்புகளுக்கு நடுவில், கூரையின் வயிற்றுக்கு நேர் கீழே நின்றான். சுபிதா ஏணியில் ஏறிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். சரியாக மூன்றானதும் டார்ச்சை அடித்தாள்.

"தொண்ணூத்தாறு," என்றாள்.

"ஒரு சுத்தும் தொண்ணூத்தாறுமா?" என்றார் சத்தியநேசன்.

"ஒரு சுத்து இல்ல மாமா. வெறும் தொண்ணூத்தாறு. ஒரு சுத்துக்கும் கீழ வந்துட்டு. முக்கால் பங்கு கேட்டோம், அதுக்கும் மேலயே தந்திருக்கு. இது நல்ல வார்ப்பு. வடிவு மட்டும்தான் அப்பிடி."

ஆபேல் ஒரு முட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

சுபிதா இறங்கி வந்து அறிக்கைத் தாளை மடியில் வைத்தாள். "இதுல காரணம்னு ஒரு கட்டம் உண்டு. முட்டு எறங்கினது உறுதி. ஏன் எறங்கிச்சு?"

"மேஸ்திரிக்க கவனக் கொறவுன்னு எழுதுங்க மேடம்," என்றான் ஆபேல் நிமிராமலே.

"எழுதாண்டாம்," என்றாள் நேசம்மாள். "அவன் பொய் சொல்லுதான். ரெண்டு மாசமா சொல்லுதான். நான்தான் செய்தேன்." போனைத் திறந்து புருஷனிடம் நீட்டினாள். "பாருங்க. கஞ்சிவெள்ளத்த முட்டுக்க காலடியில ஊத்தினது நான். அவன் அத அறிஞ்சும் வாயத் தொறக்கல்ல. நீங்க என்ன ஏதும் சொல்லிருவியளோன்னு, அவ்வளவையும் அவன் வாங்கிக்கிட்டான்."

சத்தியநேசன் பார்த்தார். அண்டா வந்தது, சரிந்தது, ஆவி பறந்தது. இன்றைக்கு மோட்டார் ஓடவில்லை. சத்தம் தெளிவாகக் கேட்டது. மழை. சட்டிகள் மோதும் ஒலி. அதற்கு மேலே, போனைப் பிடித்துப் படமெடுத்தவரின் குரல்: "வெளிய ஊத்தாத ஏட்டி, சட்டி கொண்டு ஓடுத பிள்ளைய வழுக்கி விழும். உள்ள நடுவுல ஊத்து. மண்ணு குடிச்சிரும்."

நேசம்மாளுக்கே அது மறந்துபோயிருந்தது, அன்றைய அவசரத்தில். சத்தியநேசன் படத்தை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். அதே குரல் அதையே சொன்னது.

"மேடம்," என்றார் கடைசியில். "அது எனக்க சத்தம்."

"கேட்டுது மாமா."

"எனக்க பேர எழுதுங்க."

"இல்ல, எனக்க பேரத்தான்," என்றான் ஆபேல். "பலகை போடாதது நான்."

"ஊத்தினது நான்," என்றாள் நேசம்மாள்.

சுபிதா மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினாள். எழுதியதைச் சத்தமாக வாசித்தாள். "முட்டுகள் நின்ற மண் நனைந்து இறங்கியுள்ளது. வார்ப்பின் பலத்துக்குக் குறைவில்லை."

"நனச்சது ஆருன்னு போடல்லியே?"

"அத அளக்க எனக்கிட்ட கருவி இல்ல மாமா."

கருவியை மட்டும் கழற்றித் தரும்படி அவள் கேட்டாள். ஆபேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரோடு ஏணியில் ஏறினான். கம்பத்தின் உச்சியிலிருந்த திருகு இறுகிக் கிடந்தது. அவன் எக்கி முறுக்கியபோது ஏணி ஒருபக்கம் அசைந்தது. சத்தியநேசன் போனை மனைவியின் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏணிக்காலைப் பிடித்தார்.

"மெதுவா, ஆபேலே," என்றார் அண்ணாந்து. "நான் பிடிச்சிருக்கேன்."